அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் பேச்சு பிறக்கிறது

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில், சேலத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது உளுந்தூர்பேட்டை. சென்னை ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவு. விழுப்புரம், சேலம், திருச்சி என எந்தத் திசைக்கும் இங்கிருந்து பேருந்து கிடைக்கும். ஆனால், பிறவியிலேயே காது கேளாத குழந்தை ஒன்று உள்ள விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு இந்தச் சாலை வசதி ஓரளவுக்கே உதவும். அறுவைச் சிகிச்சைக்காக ஒருமுறை சென்னைக்குப் போய்வரக் கடன் வாங்கியாவது வழி செய்துவிடலாம். அதன் பின்னர் வாரந்தோறும், சில ஆண்டுகளுக்கு, குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது? செவித்திறன் குறையுள்ள குழந்தைகளுக்கான நம் திட்டங்களின் வெற்றியும் தோல்வியும் இந்தக் கேள்விக்கு நாம் தரும் பதிலில்தான் இருக்கின்றன.

காக்ளியர் உள்வைப்பு அறுவைச் சிகிச்சை வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்றிருந்த நிலையைத் தமிழ்நாடு மாற்றிக் காட்டியிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி உபகரணத் திட்டத்தை 2014இல் திருத்தியமைத்த ஒன்றிய அரசும், ஒரு குழந்தைக்கு ஆறு லட்சம் ரூபாய் வரை ஏற்க முன்வந்தது. ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் பெரும் பணக்காரரின் குழந்தைக்கும் ஒரே வகைக் கருவி கிடைக்கிறது என்பது எளிய சாதனையன்று. எனினும், எத்தனை அறுவைகள் நடந்தன என்பது கணக்கின் முதல் வரி மட்டுமே. அக்குழந்தைகளில் எத்தனை பேர் இன்று தம் வீட்டாருடன் பேசுகிறார்கள், எத்தனை பேர் ஊர்ப் பள்ளியில் மற்ற குழந்தைகளோடு அமர்ந்து படிக்கிறார்கள் என்பதே அதன் கடைசி வரி.

கேட்கும் வயது

செவித்துணைக் கருவியோ, காக்ளியர் உள்வைப்போ குழந்தைக்குத் தருவது ஒலியை மட்டும்தான். அந்த ஒலிக்குப் பொருள் காண மூளை பழக வேண்டும். கேட்கும் திறனுள்ள குழந்தைக்கு அந்தப் பழக்கம் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. கருவின் 20ஆவது வாரமளவில் உட்செவி செயல்படத் தொடங்குகிறது; பிறக்கும்போதே தாயின் குரல் குழந்தைக்கு அறிமுகமாகியிருக்கிறது. பிறந்த பின்னரும், ‘அம்மா’ என்று தானாகச் சொல்லும் முன் அந்தச் சொல்லை அது பல்லாயிரம் முறை கேட்டுவிடுகிறது.

காது கேளாத குழந்தைக்கு இந்தக் காலம் முழுவதும் அமைதியில் கழிந்துவிடுகிறது. உள்வைப்பு அறுவை முடிந்து, காயம் ஆறி, சில வாரங்கள் கழித்தே கருவியின் வெளிப்பகுதி இயக்கப்படுகிறது. அந்த நாள்தான் குழந்தையின் ‘கேட்கும் வயது’ தொடங்கும் நாள். மூன்று வயதில் கருவி பொருத்தப்பட்ட குழந்தைக்கு அன்று கேட்கும் வயது பூஜ்ஜியம். மறுநாளே பேசிவிடும் என்று எதிர்பார்க்கும் குடும்பம் ஏமாற்றமடைகிறது, ஏமாற்றம் சலிப்பாகிறது, கருவி சில மாதங்களில் அலமாரிக்குப் போய்விடுகிறது. லட்சக்கணக்கில் செலவிட்டும் குழந்தை பேசாமல் போவதற்கு, சொல்லித்தர ஆளில்லாத இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

இந்த இடைவெளியை நிரப்புவதே செவிவழிப் பேச்சுப் பயிற்சி. ஹெலன் பீபே, டோரீன் பொல்லாக், டேனியல் லிங் முதலியோர் கடந்த நூற்றாண்டில் வளர்த்தெடுத்த முறை இது. இதன் அடிப்படை எளிமையானது. குழந்தையைக் கருவியின் துணையோடு கேட்கப் பழக்கி, கேட்பதன் வழியாகவே பேச்சுக்குக் கொண்டுசெல்வது. இதில் பயிற்சியாளரின் முதல் மாணவர் குழந்தையன்று. குழந்தையின் தாய், தந்தை, பாட்டி ஆகியோரே. வாரத்தில் ஒரு மணி நேரம் பயிற்சியாளரிடம் இருக்கும் குழந்தை, எஞ்சிய நேரமெல்லாம் இவர்களிடம்தான் இருக்கிறது.

பயிற்சியில் கற்றுத்தரப்படுபவை பெரும் உபகரணங்கள் தேவைப்படாதவை. குழந்தையின் அருகில், கருவியின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் அமர்ந்து பேச வேண்டும். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி ஆறு டெசிபல் குறையும் என்பதால், பத்தடி தள்ளி நின்று உரக்கக் கத்துவதைவிட ஓரடி தொலைவில் இயல்பாகப் பேசுவது பயன் தரும். பேசும்போது தொலைக்காட்சியையும் கிரைண்டரையும் நிறுத்திவிட வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு, குழந்தை பதில் தர அவகாசம் தந்து காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் ‘ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம்’ என்னும் ஆறு ஒலிகளைச் சொல்லிக் குழந்தை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். டேனியல் லிங் வகுத்த இந்த ஆறு ஒலிகளும் பேச்சின் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை பரவியிருப்பவை. நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லையென்றால் கருவியிலோ, காதிலோ கோளாறு என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தச் சோதனையைச் செய்துவிட முடியும்.

தமிழுக்கென்று சில தேவைகள்

இப்பயிற்சியை வேற்று மொழிக் கையேடுகளைப் பெயர்த்து மட்டும் நடத்திவிட முடியாது. தமிழில் யார் செய்தார், எங்கே செய்தார், யாருக்குச் செய்தார் என்னும் செய்திகள் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் வருகின்றன. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் சொற்களைப் பிரித்துக் காட்டுவது இறுதியில் மெலிதாக ஒலிக்கும் ஒரு மெய்யெழுத்து மட்டுமே. ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’ என்பவற்றின் வேறுபாடும் அப்படிப்பட்டதுதான். பேச்சு வழக்கிலோ இந்த இறுதி ஒலிகள் இன்னும் தேய்ந்து, மூக்கொலியாகக் கரைந்துவிடுகின்றன. சொல்லின் முற்பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு, யாரோ வந்தது தெரியும். வந்தது மாமாவா, அத்தையா என்பது தெரியாது. எனவே சொல்லிறுதியைக் கேட்கப் பழக்குவதற்குத் தமிழுக்கே உரிய பயிற்சிகள் தேவை.

அதேபோல, குழந்தை முதலில் கேட்க வேண்டியது அதன் வீட்டில் புழங்கும் தமிழை. உளுந்தூர்பேட்டைச் சிற்றூர் ஒன்றில் பாட்டி ‘தண்ணி குடி’ என்கிறபோது, பயிற்சித் தாளில் ‘நீர் அருந்து’ என்றிருந்தால் குழந்தை இரண்டையும் இழக்கும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பேச்சுக்கும் இது பொருந்தும். அருகிலேயே வாழ்ந்து, அந்த வட்டாரப் பேச்சை அறிந்த பயிற்சியாளர் தேவைப்படுவது போக்குவரத்து வசதிக்காக மட்டுமன்று.

தாமதத்தின் விலை

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பருவங்களாகப் பகுத்தது; நாவசைவைக் கொண்டாடும் தாலப் பருவத்துக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே இடம் தந்தது. இன்றைய மருத்துவமும் மாதக் கணக்கையே சொல்கிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதங்களுக்குள் குறையை உறுதிப்படுத்துதல், ஆறு மாதங்களுக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதங்களுக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னிற்பதைக் காட்டியது. அக்குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவி மருத்துவமனையில் காத்திருக்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிச் சென்று பெற்றோருக்குக் கற்றுத்தந்தார்கள்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் குறிப்பிடத்தக்க செவித்திறன் குறையோடு பிறக்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு. தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணங்கள் 28% என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. பிறவிச் செவித்திறன் குறையின் மரபணுக் காரணங்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டியவை என்பதால், உறவுக்குள் மணம் முடிப்போரின் குழந்தைகளுக்கு இந்த வாய்ப்பு கூடுகிறது. ஆயினும், பழி தாயின் மீது மட்டும் சுமத்தப்படுவதே நம் வீடுகளின் வழக்கமாக இருக்கிறது.

பேச்சு வராத குழந்தையைப் பற்றி ஊர் சொல்லும் ஆறுதல்களும் தாமதத்துக்குக் காரணமாகின்றன. ‘அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்’ என்பார்கள். நாக்கில் வசம்பு தடவச் சொல்வார்கள். கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள். அன்பால் வரும் இந்த ஆறுதல்களில் ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடுகிறது. குழந்தை காப்பீட்டுத் திட்டத்தின் வயது வரம்பை நெருங்கும்போதுதான் மருத்துவமனையை எட்டுகிறது. வரம்பு ஆறு வயது என்பதால், ஐந்தரை வயதில் கொண்டுவந்தாலும் போதும் என்று பலர் கருதுகின்றனர். திட்டத்தின் வரம்பு வேறு, மூளையின் வரம்பு வேறு.

இதைத் தவிர்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களைவிட அதிகம். அதே குடும்பநல ஆய்வின்படி, இங்கு 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. தாயும் சேயும் வீடு திரும்பும் முன் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடியது ‘ஓ.ஏ.இ.’ எனப்படும் செவிப் பரிசோதனை. எல்லா இடங்களிலும் கருவி வாங்கவும் தேவையில்லை. கொச்சியில் குழந்தைநல மருத்துவர்கள் 2003இல் தொடங்கிய முறையில், பரிசோதகர் ஒருவர் கையடக்கக் கருவியோடு பல மருத்துவமனைகளுக்குச் சுழற்சியில் சென்றுவந்தார். உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம், சின்னசேலம் ஆகிய ஊர்களை ஒரு சுற்றில் இணைப்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடினமாக இருக்காது.

பேருந்துச் சீட்டும் ஒருநாள் கூலியும்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதுவரை முண்டியம்பாக்கம், புதுச்சேரி, சேலம் என்று அலைந்த மக்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால், செவிவழிப் பேச்சுப் பயிற்சி மாவட்டத் தலைநகரோடு நின்றுவிட்டால் போதாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தோ, உளுந்தூர்பேட்டையின் உள்ளடங்கிய கிராமம் ஒன்றிலிருந்தோ ஒரு தாய் வாரம் ஒருமுறை பயிற்சிக்குச் செல்கிறார். அந்த நாளின் நூறு நாள் வேலைக் கூலியோ, கரும்புத் தோட்டக் கூலியோ போய்விடுகிறது. விடியல் பயணம் பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே என்பதால், வெளியூர்ப் பேருந்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். மற்றொரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். கணவர் பெங்களூரிலோ, கேரளத்திலோ கட்டட வேலையில் இருந்தால் எல்லாச் சுமையும் இவர் தலையில்தான். ஆண்டுக்கு ஐம்பது வாரங்கள் இப்படி. வாரங்கள் மாதங்களாகக் குறைந்து, பின் நின்றுபோனால், அதைத் ‘தாயின் அக்கறையின்மை’ என்று கோப்பில் எழுதுவது நியாயமாகாது.

கருவியின் பராமரிப்பும் இத்தகையதே. வெளிப்பகுதியில் உள்ள கம்பி அறுந்தால், வியர்வையின் ஈரம் புகுந்தால், மின்கலம் தீர்ந்தால் குழந்தை மீண்டும் அமைதிக்குள் போய்விடும். சில ஆண்டுகள் கழித்து ஒலிச்செயலியை மாற்ற வேண்டிவரும்போது செலவு லட்சங்களைத் தொடும். கேரளத்தின் ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டமும் அறுவைக்குப் பிந்தைய இந்தப் பராமரிப்புச் சிக்கலைச் சந்தித்தது. அறுவையை மட்டும் திட்டமாகக் கருதும் எந்த அரசும் இதைச் சந்திக்கவே செய்யும்.

முன்னுதாரணங்கள் நம்மிடமே

பெற்றோரை ஆசிரியராக்கும் கல்விக்குத் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத மிகச் சிறு குழந்தைகளைத் தாயோடு சேர்த்தே பள்ளிக்கு வரவழைத்து, செவித்துணைக் கருவியின் உதவியோடு பேச்சுக்குப் பழக்கி, பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. காக்ளியர் உள்வைப்பு இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இதைச் செய்துகாட்டிய பள்ளி அது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் தொண்டு நிறுவனங்கள் வழியாக ஆறு வயதுக்குட்பட்ட செவித்திறன் குறையுள்ள குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களை நடத்திவருகிறது.

தொலைவைக் கடக்கும் வழிகளும் புதியவையல்ல. லாஸ் ஏஞ்சலஸில் 1942இல் லூயிஸ் டிரேசி தொடங்கிய மையம், வர இயலாத பெற்றோருக்கு அஞ்சல் வழியாகவே பாடங்களை அனுப்பியது. கடிதத்தில் அன்று செய்ததைக் கைப்பேசிக் காணொளியில் இன்று இன்னும் சிறப்பாகச் செய்யலாம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நடத்தி, 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்களே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவிப் பரிசோதனை செய்தார்கள். அடுத்த கட்டப் பரிசோதனையை நிபுணர்கள் தொலைவிலிருந்தபடியே நடத்தவும் முடிந்தது.

சைகை மொழியை எதிரியாக்க வேண்டாம்

பேச்சுப் பயிற்சியை வலியுறுத்தும்போது, காது கேளாதோர் சமூகத்தின் குரலையும் கேட்க வேண்டும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. பல தலைமுறைக் குழந்தைகள் கைகளைக் கட்டிக்கொண்டு, புரியாத உதட்டசைவைப் பார்த்தபடி வளர்ந்தார்கள். அத்தீர்மானத்துக்காக 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சைகை மொழியையும் தொடர்பு மொழியாக ஏற்றிருக்கிறது.

எல்லாக் குழந்தைகளுக்கும் உள்வைப்பு பயன்படுவதில்லை. செவிநரம்பே வளர்ச்சியடையாத குழந்தைகள் உண்டு. மிகத் தாமதமாக வந்தவர்கள் உண்டு. வேறு குறைபாடுகளும் சேர்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழி கடைசிப் புகலிடமாக அன்று, முழுமையான மொழியாகவே தரப்பட வேண்டும். முன்னர் குறிப்பிட்ட கொலராடோ ஆய்வில், சைகையைப் பயன்படுத்திய குடும்பங்களிலும் பேச்சைப் பயன்படுத்திய குடும்பங்களிலும் ஒரே உண்மை புலப்பட்டது: சீக்கிரம் உதவி பெற்ற குழந்தை முன்னேறியது. எந்த மொழியும் கிடைக்காமல் ஐந்து வயதைக் கடப்பதே குழந்தைக்கு நேரும் பெரும் இழப்பு. பேச்சா, சைகையா என்பதைத் தகவல் அறிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத்துக்கு வேண்டும். இன்று ஓர் எளிய கிராமத்துக் குடும்பத்துக்கு இரண்டுமே அருகில் இல்லை என்றால், அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பிரசவம் நடக்கும் எல்லா இடங்களிலும் செவிப் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். தேறாத குழந்தையின் விவரம் தடுப்பூசி அட்டையிலேயே குறிக்கப்பட்டு, மறுபரிசோதனை வரை தொடரப்பட வேண்டும். பிறந்த பிறகு ஏற்படும் குறைகளுக்காக அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் எளிய பயிற்சி தரலாம்.

இரண்டாவதாக, வட்ட மருத்துவமனை அளவில் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் வேண்டும். வாரத்தில் சில நாள் மருத்துவமனையிலும் சில நாள் கிராமங்களிலும் அவர் பணியாற்றலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் முதியவரின் வீட்டுக்கே போகிறார். பேச்சுப் பயிற்சியாளரும் குழந்தையின் வீட்டுக்குப் போவதற்கு அதே கட்டமைப்பு இருக்கிறது. கிராமத்துப் பெண்களிலிருந்தே உதவிப் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்து, நிபுணரின் மேற்பார்வையில் ஈடுபடுத்தினால் வட்டார மொழிச் சிக்கலும் தீரும்.

மூன்றாவதாக, பயிற்சிக்குச் செல்லும் நாளுக்கு இழப்பீடும் பயணப்படியும் தாயின் கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதந்தோறும் பணம் தரும் நாட்டில் இது புதிய கொள்கையன்று. கருவியின் உதிரிபாகங்களும் செயலி மாற்றமும் காப்பீட்டின் பகுதியாக, மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும்.

நான்காவதாக, கணக்கிடும் முறை மாற வேண்டும். கருவி இயக்கப்பட்ட ஓராண்டில் குழந்தைக்குப் புரியும் சொற்கள் எத்தனை, மூன்றாண்டில் வாக்கியம் அமைக்கிறதா, கருவியை நாள் முழுவதும் அணிகிறதா, பள்ளியில் சேர்ந்ததா என்பவை மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதற்கே நிர்வாகம் பொறுப்பேற்கும். அறுவைகளை எண்ணினால் அறுவைகள் பெருகும். சொற்களை எண்ணினால் சொற்கள் பெருகும்.

ஒரு குழந்தையின் காதில் ஆறு லட்சம் ரூபாய்க் கருவியைப் பொருத்தத் தயங்காத அரசு, அந்தக் குழந்தையின் தாயோடு வாரம் ஒரு மணி நேரம் அமர ஒருவரை அனுப்பத் தயங்க வேண்டியதில்லை. முதல் செலவு வீணாகாமல் காப்பது இரண்டாவது செலவுதான்.